ஜியோஜீப்ராவும் பைத்தானும்: பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்கில் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பின்

நுண்கணிதத்துக்கு வளைவுகளை வரைந்து அசைத்துக் காட்டும் ஜியோஜீப்ரா செயலி, எத்தனை வழி என்று கேட்கும் எண்ணுதல் கணக்குகளுக்குப் பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி. பல கல்வியாண்டுகள் பிள்ளைகளோடு ஓட்டிப் பார்த்ததில் நிலைத்து நின்றவை இந்த இரண்டும்தான். ஜியோஜீப்ரா 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கியது. படிப்புக்கு இலவசம், செயலியை ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஒரே கட்டுப்பாடு: விடையை ஊகித்துத் தாளில் எழுதிய பிறகுதான் போனைக் கையில் எடுக்க வேண்டும். முதலிலேயே திரையைக் காட்டிவிட்டால் பிள்ளைகள் தலையாட்டுவார்களே தவிர, எதுவும் ஒட்டாது.

ஜியோஜீப்ரா நன்றாகக் கைகொடுப்பது வகைக்கெழுவில், அதாவது வளைவின் ஒரு புள்ளியில் சாய்வு காண்பதில். எக்ஸ் ஸ்கொயர் வளைவில் (2, 4) ஒரு புள்ளி, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. இடைவெளியை ஸ்லைடரில் (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டையில்) வையுங்கள். ஸ்லைடர் வழக்கமாக -5 முதல் 5 வரை, 0.1 படியில் வரும். அதை -1 முதல் 1 வரை, படி 0.01 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இடைவெளி 1 என்றால் சாய்வு 5, 0.1 என்றால் 4.1, 0.01 என்றால் 4.01. இடப்பக்கம் -0.1 வைத்தால் 3.9. சரியாக 0-வில் கோடு காணாமல் போகும். பயன்பாட்டிலேயே மிக மதிப்புள்ள நொடி அதுதான். ஒரே புள்ளி வழியாக எந்தக் கோட்டை வரைவது என்று பிள்ளைகளே கேட்பார்கள். எல்லை (லிமிட்) எதற்கு என்பதற்கு அதைவிட நல்ல பதில் பாடத்தில் கிடையாது. இடைவெளியைக் கண்டபடி சுருக்க வேண்டாம். கணினி 15, 16 இலக்கங்கள்தான் வைத்துக்கொள்ளும், ஏறக்குறைய சமமான இரு எண்களைக் கழிக்கும்போது அவையும் கரைந்துவிடும். 0.001 போதும்.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. எக்ஸ் ஸ்கொயரில் 4-ஐக் கழித்து, எக்ஸ் மைனஸ் 2-ஆல் வகுத்து வரைந்தால் ஓட்டையே இல்லாத நேர்கோடு வரும். எக்ஸ் 2-இல் மதிப்பைக் கேட்டால்தான் வரையறுக்கப்படவில்லை என்று தெரியும். (2, 4)-இல் வெற்று வட்டத்தை நாமே வரைந்து காட்ட வேண்டும். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கும்போது சைன் 0.01-ஐ 0.01-ஆல் வகுத்தால் 1 வராது, 0.01745 வரும். அது பை வகுத்தல் 180. ரேடியனுக்கு மாற்றி மறுபடி போடச் சொல்லுங்கள். பரப்பு கேட்கும் கணக்கில் சைன் வளைவை 0 முதல் 2 பை வரை தொகையிட்டால் திரை 0 காட்டும். பரப்பு 4; பையில் வெட்டி இரண்டு துண்டாகச் செய்ய வேண்டும்.

பெருமம், சிறுமம் கணக்கில் வேறு மாதிரி சறுக்கல். 12 செ.மீ. சதுர அட்டையின் நாலு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி, மூடியில்லாப் பெட்டி செய்ய வேண்டும். 2 செ.மீ. வெட்டினால் கன அளவு 128, அதுவே பெருமம். ஆனால் வழக்கமான திரையில் உச்சி தெரியாது, செங்குத்து அச்சை 150 வரை நீட்ட வேண்டும். நீட்டினால் வளைவு 6-க்கு அப்பால் மறுபடி ஏறும், 8-இலும் 128 வரும். 12 செ.மீ. அட்டையில் மூலைக்கு 8 செ.மீ. எப்படி வெட்டுவது? வரையும்போதே 0 முதல் 6 என்று எல்லை கொடுக்காததால் வந்த வினை.

எண்ணுதலுக்கு ஜியோஜீப்ரா உதவாது. சேர்மானத்தின் (nCr) மதிப்பைப் போட்டுத் தரும். பிழையோ எதை எதோடு பெருக்குகிறோம் என்பதில் இருக்கிறது. அங்கே பட்டியல்தான் மருந்து. பாப்பா என்ற சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக அடுக்கலாம்? ஒரு ‘பா’ சிவப்பு, இன்னொரு ‘பா’ நீலம் என்று எழுதினால் 6 வரி. நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டிரண்டாகச் சேர்ந்து 3. 2 காரணியப் பெருக்கத்தால் (2!) ஏன் வகுக்கிறோம் என்பது கண்ணுக்கே தெரியும். இதைப் பைத்தானில் சரிபார்க்க, சொல்லை அப்படியே கொடுத்து, ஒரே மாதிரி வரும் அடுக்குகளை ஒருமுறை மட்டும் எண்ணச் சொன்னால் 60 என்று வரும். ப, துணைக்கால், புள்ளி என எல்லாவற்றையும் அது தனித்தனியாகப் பிரித்து 6 குறிகளாக எண்ணுகிறது. ‘பா’, ‘ப்’, ‘பா’ என்று பட்டியலாகக் கொடுத்தால் 3 சரியாக வரும். எண்களைச் சிறியதாகவே வையுங்கள்: 10 பேரை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள், அச்சிட்டால் போன் திணறும்.

குழுக் கணக்கில் இந்த முறை இன்னும் தேவை. ரவி, மணி, கலா, மாலா, நீலா ஐவரில் மூவர் குழு, குறைந்தது இரண்டு பெண்கள். பெரும்பாலோர் முதலில் இரண்டு பெண்களை 3 வழியில் எடுத்து, மிச்சம் மூவரில் ஒருவரை 3 வழியில் சேர்த்து, 9 என்பார்கள். எழுதிப் பார்த்தால் 7-தான். கலா-மாலாவோடு நீலா, மாலா-நீலாவோடு கலா, கலா-நீலாவோடு மாலா என ஒரே குழு மூன்று முறை ஏறியிருக்கும், மிகை 2. இதை அவர்களே அடித்துத் திருத்திய பிறகு, 5 ஆண், 4 பெண் என்று பெரிதாக்கிக் கொடுங்கள். அதே தவறான வழியில் 42, சரியான விடை 34. பெண்கள் மட்டுமே உள்ள குழுக்கள் 4, ஒவ்வொன்றும் 2 மிகை. வித்தியாசம் 8 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பைத்தானைத் திறக்காமலே சொல்வார்கள்.