அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்: காசு நல்லது, படிவம் கோணல்

பிரித்தானியாவில் ஓய்வூதிய வயதைத் தாண்டிய ஒருவருக்கு நோயாலோ இயலாமையாலோ இன்னொருவரின் துணை தேவைப்பட்டால் வாராவாரம் கணக்கிட்டு அரசு தரும் தொகை அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். 1971 டிசம்பரில் தொடங்கியது. வருமானம் பார்க்காது, சேமிப்புப் பார்க்காது, வரி கிடையாது. சொந்த வீடு இருக்கலாம், பிள்ளை டாக்டராக இருக்கலாம், தடையில்லை. 2025-26 நிதியாண்டில் வாரத்துக்குக் குறைந்த விகிதம் 73.90 பவுண்டு, கூடிய விகிதம் 110.40 பவுண்டு. வழக்கமாக 4 வாரத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும். அதை எதற்குச் செலவழித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. டாக்சிக்குக் கொடுக்கலாம், சமைத்துத் தருபவருக்குக் கொடுக்கலாம், பேரப்பிள்ளையின் கையில் வைக்கலாம்.

தொகைக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தாராளமாகப் போடலாம். அந்தத் தொகைக்குப் போகும் வழக்கமான வாசல் ஏஏ1 என்ற நீண்ட படிவம். அதற்கு இரண்டுக்கு மேல் போட மனம் வராது.

முதல் கோணல் தேதியில் இருக்கிறது. படிவத்தை இணையத்தில் இறக்கி நிரப்பி அனுப்பினால், அது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் காசு. தொலைபேசியில் கேட்டு வரவழைத்தால், கேட்ட நாளே கணக்கு. 6 வாரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். 2025-26இன் கூடிய விகிதத்தில் 6 வாரம் என்பது 662.40 பவுண்டு. பழைய காலத்துக்குச் சேர்த்துக் கேட்க வழியில்லை. ஆகவே இணையப் பிரதியை வாசித்துப் பழக வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்குத் தொலைபேசியில் கேட்டு வாங்குங்கள். படிவம் தமிழில் இல்லை. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள்.

துணை தேவைப்படத் தொடங்கி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் உயிர் வாழ்வது ஐயம் என்று மருத்துவர் கருதும் நோயாளிக்கு இந்த 6 மாதக் காத்திருப்பு இல்லை. மருத்துவர் எஸ்ஆர்1 என்ற தாளைக் கொடுத்தால் கூடிய விகிதமே கிடைக்கும், கேள்விகளில் பெரும்பகுதியை நிரப்பவும் தேவையில்லை. இந்தத் தாளைக் கேட்பதைக் கெட்ட சகுனமாக நினைத்துத் தள்ளிப்போடும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம்.

இனிக் கேள்விகள். படிவம் நோயை அளப்பதில்லை. நீரிழிவு, வாதம், பார்க்கின்சன்ஸ் என்று நோய்ப்பெயரை எத்தனை எழுதினாலும் புள்ளி ஏறாது. அது அளப்பது உடம்பின் காரியங்களுக்கு மற்றவர் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் துணை நிற்க வேண்டியிருக்கிறது என்பதை. எழும்புதல், உடுத்தல், கழுவுதல், கழிப்பறை, சாப்பிடுதல், மருந்து, வீட்டுக்குள் நடத்தல், பார்த்தல், கேட்டல், கதைத்துப் புரியவைத்தல். சமைப்பது, கடைக்குப் போவது, வீடு கூட்டுவது எதுவும் கணக்கில் வராது. மகள் தினமும் இரண்டு மணிநேரம் அடுப்படியில் நிற்பதை அரைப் பக்கம் எழுதிவிட்டு, அம்மாவைக் கழிப்பறையிலிருந்து தூக்கி நிறுத்துவதை ஒரு வரியில் முடிக்கும் விண்ணப்பங்கள்தான் அதிகம் தோற்கின்றன.

இன்னொன்று, கேள்வி "உதவி கிடைக்கிறதா" என்பதல்ல, "தேவைப்படுகிறதா" என்பது. தனியாக வாழும் ஒருவர் யாரும் இல்லாததால் மூன்று நாள் குளிக்காமல் இருக்கிறார் என்றால், அதுவும் தேவைதான். அப்படியே எழுதலாம்.

நம்முடைய முதியவர்கள் இந்தப் படிவத்துக்கு ஏற்றவர்கள் அல்ல. "எனக்கொன்றுமில்லை, நான் சமாளிப்பன்" என்பது அவர்களின் வாழ்நாள் வாக்கியம். படிவமோ சமாளிப்பதைத் தேவையில்லாமை என்று வாசிக்கும். எழுந்து நிற்க ஐந்து நிமிடம் மூச்சு வாங்குவது, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போவது, விழப்போய்க் கதிரையில் சாய்வது எல்லாம் "சமாளிப்பன்" என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். நிரப்புபவரின் வேலை அந்தச் சொல்லைப் பிரித்து எடுப்பது.

"குளிக்கக் கொஞ்சம் உதவி வேண்டும்" என்று எழுதினால் அதிகாரிக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. "தொட்டியின் விளிம்பைத் தாண்டி வலது காலைத் தூக்க முடியாது. ஒருவர் இடுப்பைப் பிடித்து இறக்க வேண்டும். முதுகும் பாதமும் எட்டாது, கழுவிவிட வேண்டும். வெளியே எடுத்துத் துடைத்து உடுத்திவிட வேண்டும். வாரத்தில் 4 நாள், ஒவ்வொரு தடவையும் 35 நிமிடம்." இதில் உடம்பின் பகுதி, மற்றவர் செய்யும் செயல், தடவை, நிமிடம் நான்கும் உண்டு. ஒவ்வொரு பதிலிலும் இந்த நான்கும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டியதில்லை. "சில வேளை", "இடைக்கிடை" போன்ற சொற்களைத் தவிருங்கள். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வந்தால் "7 நாளில் 5 நாள் இப்படி" என்று எண்ணிச் சொல்லுங்கள். அதற்காக ஒரு வாரம் குறிப்பேடு வைப்பது நல்லது. அடுப்பருகே நாட்காட்டியில் கோடு போட்டாலும் சரி.

உதவி என்றால் கை கொடுப்பது மட்டுமல்ல. மறதி நோய் உள்ளவருக்கு "இப்ப பல்லைத் துலக்குங்கோ, இப்ப சட்டையை மாற்றுங்கோ" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பதும் உதவி. மருந்தை எடுத்துக் கையில் வைப்பது, விழுங்கும் வரை பார்த்து நிற்பது, எரிவாயு அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துபோவாரோ என்று தனியே விடாமல் இருப்பது, இவையும் சேரும். பொழுதுபோக்கு, வெளியே போவது பற்றிய கேள்வியைப் பலர் வெறுமையாக விடுகிறார்கள். சாதாரண சமூக வாழ்வுக்குத் தேவைப்படும் துணையும் கணக்கில் வரும் என்று 1997இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனால் படியில் கைப்பிடித்து ஏற்றுவதையும், பார்வை குறைந்தவருக்குத் தேவாரப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவதையும் எழுதலாம்.

விகிதத்தைத் தீர்மானிப்பது இரவு. பகல் மட்டும் அல்லது இரவு மட்டும் தேவை என்றால் குறைந்தது. இரண்டும் என்றால் கூடியது. 2025-26இல் வித்தியாசம் வாரத்துக்கு 36.50 பவுண்டு. இரவு என்பது வீட்டார் படுத்த பிறகு எழும்பும் வரை உள்ள நேரம். ஒரு தடவையாக 20 நிமிடம் அல்லது இரண்டு தடவையாவது உதவி தேவைப்பட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். கட்டிலருகே கமோட் வைத்திருப்பதால் "இரவில் எழும்பத் தேவையில்லை" என்று எழுதிவிடாதீர்கள். கமோட்டுக்கு இறக்க ஒருவர் வேண்டுமா, நனைந்த விரிப்பை மாற்ற வேண்டுமா, புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமா? இரவுப் பகுதியைக் கடைசியில் களைத்துப்போய் நிரப்புவதால்தான் பலர் அதில் கோட்டை விடுகிறார்கள். அதை முதலில் நிரப்புங்கள்.

இணைப்புகளில் மருந்துச் சீட்டின் வலப்பக்கத் துண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது தந்த கடிதம், ஞாபக மறதிக் கிளினிக்கின் கடிதம், கவுன்சிலின் (உள்ளூராட்சி) பராமரிப்புத் திட்டம் போதும். ஒவ்வொரு தாளிலும் பெயரும் தேசிய காப்புறுதி எண்ணும் எழுதவும். கடிதம் வரட்டும் என்று 6 வாரத்தைத் தாண்டவிட வேண்டாம், பின்னால் அனுப்பலாம். முழுப் படிவத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் சொல்லாத ஒரு பொறி குடும்ப மருத்துவரிடம் (ஜீபி) இருக்கிறது. ஐயம் வந்தால் ஓய்வூதியத் துறை குடும்ப மருத்துவரிடம் கேட்கும். அவரிடம் உள்ள பதிவு பத்து நிமிடச் சந்திப்பு, அதுவும் மகன் மொழிபெயர்த்தது. சிறுநீர் அடக்க முடியாததை எந்த அம்மாதான் மகன் வாயால் சொல்லவைப்பார்? ஆகவே பதிவில் அது இல்லை, விழுந்ததும் இல்லை. படிவம் அனுப்பும் முன்னரே ஒரு சந்திப்பு எடுத்து, மொழிபெயர்ப்பாளர் கேட்டு (தேசிய சுகாதார சேவையில் இதற்குக் கட்டணமில்லை), விழுந்தது, இரவில் எழும்புவது எல்லாவற்றையும் பதியவைக்க வேண்டும்.

மறுத்தாலோ குறைந்த விகிதம் தந்தாலோ, கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம். கவனம்: மறுபரிசீலனையில், ஏற்கனவே கிடைத்ததையும் சேர்த்துத் திரும்பப் பார்ப்பார்கள், அது குறையவும் கூடும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே என்ற தொண்டு நிறுவனங்கள் இரண்டும் நிரப்பவும் முறையிடவும் இலவசமாக உதவும்.

கிடைத்த பிறகுதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவருக்கான உதவித்தொகை) பெறும் ஒருவர் தனியாக வாழ்ந்து, அவரைப் பராமரிப்பதாக யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) எடுக்காமலிருந்தால், கடும் இயலாமைக்கென வாரம் 82.90 பவுண்டு கூடுதலாக வரும் (2025-26). இங்கேதான் அன்பு வழுக்குகிறது. வேறு வீட்டிலிருக்கும் மகள் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் அதே ஆண்டுக் கணக்கில் அவளுக்கு 83.30 பவுண்டு, அம்மாவுக்கு 82.90 நின்றுவிடும். குடும்பத்துக்கு லாபம் 40 பென்ஸ். வளர்ந்த பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழ்பவருக்குப் பொதுவாக அந்தக் கூடுதல் தொகையே கிடையாது, ஆகவே அங்கே கேரர்ஸ் அலவன்ஸ் எடுப்பதால் இழப்பில்லை. எடுப்பவர் வாரம் 35 மணிநேரம் பராமரிக்க வேண்டும், கழிவுகள் போக உழைப்பு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது (2025-26இல் வாரம் 196 பவுண்டு). ஒரு பவுண்டு கூடினாலும் முழுத்தொகையும் போகும். தெரியாமல் வரம்பைத் தாண்டிய பலரிடம் வாங்கிய காசைத் திருப்பிக் கேட்டார்கள். வருமானத்தைச் சராசரி பார்ப்பது பற்றிய அரசின் வழிகாட்டலே குழப்பமாக இருந்தது என்று, அரசு கேட்டு லிஸ் செய்ஸ் நடத்திய ஆய்வின் அறிக்கை 2025 நவம்பரில் சொன்ன பிறகுதான், தவறு பராமரிப்பவர்களிடம் மட்டும் இல்லை என்பதை வெஸ்ட்மின்ஸ்டர் ஒப்புக்கொண்டது.

அரசியலை விட்டுவிட்டு இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. இதை உள்ளூராட்சிகளின் கையில் கொடுக்கும் யோசனை 2016இல் கலந்தாய்வுக்கு வந்தது, அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. நல்லவேளை. முதியோர் பராமரிப்புச் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு வரும் என்று சொன்னார்கள். 2024 ஜூலையில் அப்போதைய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை ரத்துசெய்தார். 23,250 பவுண்டுக்கு மேல் சொத்திருந்தால் இங்கிலாந்தில் கவுன்சில் உதவி கிடையாது என்ற எல்லை 2010இலிருந்து அசையவில்லை. பராமரிப்புத் துறையைச் சீரமைக்க அரசு அமைத்த லூயிஸ் கேசியின் ஆணைக்குழு முழு அறிக்கை தர 2028 ஆகும். அதுவரை, சொத்துப் பார்க்காமல் முதியவரின் கைக்கு நேரே வரும் பராமரிப்புக் காசு பெரும்பாலானவர்களுக்கு இது ஒன்றுதான். கவுன்சில் பராமரிப்புக் கட்டணம் கணக்கிடும்போது இதையும் வருமானமாகச் சேர்க்கும். அப்போது கூடுதல் சலவை, வெப்பமூட்டல், விசேட உணவு ஆகியவற்றின் செலவை இயலாமைச் செலவாகக் கழிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காதவருக்குப் பெரும்பாலும் கழிக்கமாட்டார்கள்.

பெரிய அநியாயம் நடமாட்டத்துக்கு இதில் ஒரு பென்ஸும் இல்லாதது. ஓய்வூதிய வயதுக்கு முன் பிஐபி (வேலை வயதினருக்கான இயலாமை உதவித்தொகை) பெற்றவர் அதன் நடமாட்டப் பகுதியைத் தொடர்ந்து பெறலாம், 2025-26இல் அது வாரம் 77.05 பவுண்டு வரை. ஓய்வூதிய வயதைத் தாண்டிய பின் முதல்முறை நடக்க முடியாமல் போனவருக்கு அது இல்லை. ஆகவே வயது நெருங்கும் ஒருவருக்கு இயலாமை இருந்தால், அந்த வயதை எட்டும் முன்பே பிஐபி கேட்க வேண்டும். ஓய்வூதிய வயது 2026 முதல் 2028க்குள் 66இலிருந்து 67 ஆகிறது, தேதியைச் சரிபாருங்கள். ஸ்கொட்லாந்தில் இருப்பவருக்கு இதே இடத்தில் பென்ஷன் ஏஜ் டிசபிலிட்டி பேமென்ட் என்ற வேறு திட்டம்.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்தவர்களுக்கு ஒன்று. விசாவில் பொதுநிதி இல்லை என்று எழுதியிருந்தால் இதைக் கேட்கக்கூடாது. அலவன்ஸ் மறுக்கப்படுவதோடு நிற்காது, விசாவுக்கே சிக்கல். மற்றவர்களும் பொதுவாகக் கடந்த 3 ஆண்டில் 2 ஆண்டாவது இங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் 28 நாள் தாண்டினால் காசு நிற்கும். வீட்டுக்கு வந்து 28 நாளுக்குள் மீண்டும் சேர்த்தால் முன்னைய நாட்களும் கூட்டப்படும். சேர்ந்ததையும் வந்ததையும் துறைக்கு அறிவிப்பது குடும்பத்தின் பொறுப்பு, ஆஸ்பத்திரியினது அல்ல. யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போனால் 13 வாரம் வரை தொடரும், சிகிச்சைக்காகப் போனால் 26 வாரம். 13 வாரம் என்றால் 91 நாள். தைப்பொங்கலுக்குப் போய்ச் சித்திரை வருடப்பிறப்பு முடித்து வர நினைப்பவர் டிக்கெட் எடுக்குமுன் விரல்விட்டு எண்ணிக்கொள்ளட்டும்.