நாயோடு வருபவருக்கும் கதவு திறக்கும் ஓர் இரவுத் தங்குமிடம்

கொழும்பின் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளுள், இரவானால் கடை விறாந்தைகளிலேயே படுத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலையகத்திலிருந்து இளவயதில் வந்து, அறுபதைக் கடந்த பின்னும் வண்டி இழுக்கும் ஓர் ஐயாவை எனக்குப் பல மாதங்களாகத் தெரியும். ஜிம்மி என்ற பழுப்பு நிற நாய் அவரை விட்டு அகலாது. ஐப்பசி மழையில் இருவரும் நனைந்து கிடந்ததைக் கண்டு, ஏதாவதொரு தங்குமிடத்துக்குப் போகலாமே என்று சொன்னேன். "தம்பி, இவனையும் உள்ள விடுவாங்கன்னா வர்றேன். இல்லாட்டி எனக்கு இந்த விறாந்தையே போதும்" என்றார். நாயை வாசலில் விடச் சொன்னதால் முன்பு இரண்டு இடங்களிலிருந்து அவர் திரும்பி வந்திருக்கிறார்.

நாய்களையும் ஏற்கும் தங்குமிடம் ஒன்று நடந்துபோகும் தூரத்திலேயே இயங்குவதாகக் கேள்விப்பட்டு, சென்ற மாதம் இருவரையும் அழைத்துச் சென்றேன். குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் இடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில், மனதாரப் பாராட்ட வேண்டியதைச் சொல்கிறேன். நாய்களைப் பின்புறத்துக் கூண்டுகளில் அடைத்துவிட்டு மனிதர்களை மாடிக்கு அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையில் இடுப்பளவு உயரமான சுவர் எழுப்பியிருக்கிறார்கள். படுத்திருக்கும் நாய்க்கு அடுத்த நாய் கண்ணில் படாததால் உறுமலும் குரைப்பும் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. உரியவருக்கோ கையை நீட்டினால் தன் நாயின் முதுகு எட்டுகிறது. விளக்கு அணைந்த பின் ஐயா அப்படித்தான் கையைத் தொங்கவிட்டபடி தூங்கினார். நாய்க்கு அஞ்சுபவர்களுக்கும், சமயக் காரணங்களால் நாயின் அருகாமையைத் தவிர்ப்பவர்களுக்கும் வேறு வாசலுடன் தனி மண்டபம் உண்டு. புறக்கோட்டை போன்ற இடத்தில் இது மிகவும் அவசியமான ஏற்பாடு.

தரை வழுக்காத சீமெந்துத் தரை. வடிகாலை நோக்கிச் சரிவாக அமைத்திருக்கிறார்கள். நாயின் சிறுநீர் வழியாகவும் எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால், காலையில் கழுவிய தரை விரைவாகக் காய்வது சின்ன விடயமல்ல. ஆனால் சங்கிலி மாட்டும் வளையத்தைக் கட்டிலின் தலைமாட்டில் பதிக்காமல் நடைபாதைப் பக்கம் பதித்துவிட்டார்கள். இரவில் கழிப்பறைக்குப் போன ஒருவர் ஜிம்மியின் வாலை மிதிக்கப் பார்த்தார். கடித்திருந்தால் பழி முழுவதும் நாயின் மேல்தான் விழுந்திருக்கும்.

இதைவிடப் பெரிய குறை குளியலறையில் இருக்கிறது. தனியாக வாழும் ஒருவர் குளிக்கும்போது நாயை யார் பிடித்துக்கொள்வது என்பதை வரைபடம் போட்டவர் நினைத்துப் பார்க்கவில்லை. குளியலறைக்குள்ளே ஒரு கொக்கிகூட இல்லாததால், அன்று சங்கிலியை நான்தான் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். கதவு மூடியதும் ஜிம்மி முனகத் தொடங்கியது. ஐயா சவர்க்காரத்தைச் சரியாகக் கழுவாமலே சாறத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நான் இல்லாவிட்டால் அவர் குளித்தே இருக்கமாட்டார். சுவரில் ஒரு இரும்புக் கொக்கி அடிப்பதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

வாசலிலேயே விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியின் விபரத்தைக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். ஊசி ஏற்றாத நாய்க்கு ஏற்றுவதற்கு நாள் குறித்துக் கொடுக்கிறார்கள். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 வீதமானவற்றுக்காவது தடுப்பூசி ஏற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கட்டாக்காலி நாய்களை வலை வீசிப் பிடித்தே ஊசி ஏற்ற வேண்டியிருக்கிறது. தெருவில் வாழ்பவரின் நாயோ, அவர் "இரு" என்றால் இருந்துவிடும். தெருநாய்களைக் கொல்வதை 2006இல் அரசு கைவிட்ட பின் தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி என்றிருக்கும் நம் நாட்டில், இத்தகைய தங்குமிடம் முழு நகரத்தின் சுகாதாரத்துக்கும் உதவுகிறது. வீடற்றவர்களின் நாய்களுக்கு இலவச மருத்துவம் பார்க்கும் சேவையை லண்டனில் 2016இல் கால்நடை மருத்துவர்கள் இருவர் தொடங்கினார்கள். இங்கும் வாரம் ஒருநாள் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்துபோனால் நன்றாயிருக்கும்.

அறிவித்தல் பலகை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. அன்று மண்டபத்தில் படுத்திருந்தவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுபவர்கள். தேசிய அடையாள அட்டையும் கேட்டார்கள். தெருவில் படுப்பவரிடம் முதலில் தொலைந்துபோவது அதுதான். நான் பேசிய பிறகு ஐயாவின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள். கூட வர ஆளில்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. விறாந்தையில் படுப்பவரைக் குற்றவாளியாகப் பார்த்தது 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச்சட்டம். அந்தப் பார்வையின் மிச்சம் இப்படிப்பட்ட வாசல் கேள்விகளில் தங்கிவிடக்கூடாது.

இரவுணவாகப் பாணும் பருப்பும் கொடுத்தார்கள். நாய்களுக்கு உப்பும் மிளகாயும் சேர்க்காமல் மீன்தலையுடன் அவித்த சோறு வைத்தார்கள்.

கதவு மாலை ஏழு மணிக்கு மூடப்படுகிறது. மறுநாள் லொறி ஒன்று தாமதமாக வந்ததால் ஐயா எட்டரைக்குத்தான் வேலை முடித்தார். அடுத்த நாள் காலை நான் போனபோது, அதே விறாந்தையில், ஈரச் சாக்கின்மேல், ஜிம்மியும் அவரும் படுத்திருந்தார்கள். பத்து மணிவரை கதவைத் திறந்து வைக்குமாறு நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.