ஆண் குட்டியை என்ன செய்வது? குடும்ப அல்பாக்கா பண்ணையின் மூன்று வருமான வழிகள்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளைச் சேர்ந்த, ரோமத்துக்குப் பெயர்போன ஒட்டகக் குடும்ப விலங்கு அல்பாக்கா. குடும்பமாக அதை வளர்க்க முன்வருபவர்களுக்கு மூன்று வருமான வழிகள் இருக்கின்றன. இனவிருத்தி செய்து விலங்குகளை விற்பது ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை கத்தரிக்கும் ரோமத்தை நூலாகவோ பொருளாகவோ ஆக்கி விற்பது இன்னொன்று. பண்ணைக்கு மக்களை வரவழைத்து, விலங்குகளோடு நடக்கவும் அருகில் இருந்து பார்க்கவும் கட்டணம் வாங்குவது மூன்றாவது. பல பண்ணைகள் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கின்றன. ஆனால் எதை முதலில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே மந்தையில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை, எந்தப் பருவத்தில் வேலை கழுத்தை நெரிக்கும், எந்தப் பருவத்தில் கையில் காசு இருக்கும் என்பதெல்லாம் முடிவாகின்றன. மூன்றையும் எடைபோட நான் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: பிறக்கும் ஆண் குட்டியை அந்தப் பண்ணை என்ன செய்யப் போகிறது? பிறப்பவற்றில் ஏறக்குறையப் பாதி ஆண். அவற்றில் பொலி ஆணாக, அதாவது இனவிருத்திக்கான ஆணாக, வைத்துக்கொள்ளத் தகுந்தவை மிகச் சில. மீதி ஆண்களுக்கு வேலை இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் பண்ணைக் கணக்கு நிற்கிறது அல்லது சரிகிறது.

இனவிருத்தியை எடுத்துக்கொள்வோம். அல்பாக்காவின் சினைக்காலம் ஏறத்தாழப் பதினொன்றரை மாதம். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான். இரட்டைக் குட்டிகள் மிக அரிது. ஈன்ற இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் இணை சேர்க்கலாம் என்பதால், முதல் சேர்க்கையிலேயே சினை பிடித்தால் அடுத்த ஈற்றும் ஏறக்குறைய அதே நாள்களில் விழும். ஒருமுறை தவறினாலும் ஈற்று நாள் பின்னுக்குத் தள்ளிப்போகும்; தவறுவது தொடர்ந்தால் சில ஆண்டுகளில் வசந்தத்தில் ஈன்றுகொண்டிருந்த தாய் இலையுதிர் காலத்தின் கடைசியில் ஈனும் நிலை வந்துவிடும். குளிர் மிகுந்த நாடுகளில் இது சிறிய விஷயம் அல்ல. வெயில் குறைந்த மாதங்களில் பிறந்த குட்டிகளுக்கு வைட்டமின் டி குறைபாட்டால் எலும்பு வளர்ச்சி கெடுகிறது என்பதால், அங்கே மருந்தாகவோ ஊசியாகவோ அதைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே நல்ல இனவிருத்திப் பண்ணை ஓர் ஈற்றைத் தள்ளிப்போகவிட்டு, அந்தப் பெண்ணை ஏழெட்டு மாதம் வெறுமனே வைத்திருந்து மறுபடி வசந்தத்துக்குக் கொண்டுவரத் தயங்கக் கூடாது; அந்தக் காலம் முழுவதும் தீவனச் செலவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஈற்றுப் பருவம் இந்த வழியின் உச்சம். தாய் மந்தையை விட்டுச் சற்று விலகி நிற்கும், சாண மேட்டுக்கு மறுபடி மறுபடி போய் வரும், மெல்லிய குரலில் முனகும். பெரும்பாலான ஈற்றுகள் காலையிலோ நடுப்பகலை ஒட்டியோ நடந்துவிடுவதால், இரவெல்லாம் கண்விழிக்கும் தேவை குறைவு. தலையும் முன்னங்கால்களும் வெளியே வந்த நிலையில் தாய் நின்றபடியே இருக்கும். ஆடு மாடுகளைப் போல் அல்பாக்கா தன் குட்டியை நக்கித் துடைப்பதில்லை. மூக்கை வைத்து முகர்ந்து குரல் கொடுப்பதோடு சரி. ஈரக் காற்றடிக்கும் நாளாக இருந்தால் துண்டை எடுத்துக்கொண்டு மனிதர்தான் ஓட வேண்டும். ஆறேழு கிலோ எடையுள்ள குட்டி ஓரிரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று, அன்றே வேண்டிய அளவு சீம்பாலைக் குடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சினை பிடித்ததா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது: பெண்ணைப் பொலி ஆணின் அருகே கொண்டுபோனால், சினையாக இருக்கும் பெண் காதை மடக்கிக்கொண்டு அதன் முகத்தில் துப்பி உதைத்து விரட்டும், சினை இல்லாதது பெரும்பாலும் இணை சேர அமைதியாக முழங்கால் மடித்து உட்கார்ந்துவிடும். உறுதிசெய்ய ஸ்கேன் தேவைதான், ஆனால் அன்றாட நடைமுறையில் இந்தச் சோதனை நன்றாகவே உதவுகிறது.

இத்தனையும் சரியாக நடந்தாலும் விற்க ஆள் வேண்டும். பெண் குட்டியை வாங்குபவர் இன்னொரு பண்ணை தொடங்குபவர். அவருடைய குட்டிகளை வாங்க அவருக்கும் ஒருவர் வேண்டும். இந்தச் சங்கிலி எங்கே முடியும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. அங்கே 1984-இல் இறக்குமதி தொடங்கியது. 1998-இல் இனப்பதிவேடு வெளிநாட்டு விலங்குகளுக்கு மூடப்பட்டது. வரத்து சுருங்கியதால் விலை ஏறியது. ஏறும் விலையே புதியவர்களை உள்ளே இழுத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பொருளியலாளர்கள் டினா செய்ட்டோன், ரிச்சர்ட் செக்ஸ்டன் இருவரும், ரோமம் தரும் வருமானத்தைக் கொண்டு அந்த விலைகளை நியாயப்படுத்த முடியாது என்று 2007-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதற்கடுத்த சில ஆண்டுகளில் விலை விழுந்தது. விலங்குகளைச் சும்மா கொடுத்தால்கூட வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்குமா என்று பலர் தேடி அலைந்தார்கள். அந்த வீழ்ச்சியில் அதிகம் தவித்தவை ஆண் விலங்குகள்தான். இனவிருத்தியே முதன்மையான பண்ணையில் தகுதியில்லாத ஆண் ஒரு செலவுக் கணக்கு மட்டுமே. அதைக் காயடிப்பதற்கும் அவசரப்பட முடியாது: கால் எலும்புகள் சரியாக வளர்வதற்காக ஒன்றரை வயதுவரை காத்திருக்கச் சொல்வது கால்நடை மருத்துவர்களின் வழக்கமான அறிவுரை. அதுவரை அதற்குத் தனிப் பட்டியும் தீவனமும் கொடுத்தே ஆக வேண்டும்.

ரோம வழியில் இந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கிறது. காயடித்த ஆணும் பெண்ணைப் போலவே ரோமம் தரும். சினையும் பாலூட்டலும் இல்லாததால் அதன் வளர்ச்சி தடைபடுவதில்லை. ஒரு விலங்கு ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு கிலோ தரலாம், ஆனால் அது முழுவதும் ஒரே தரம் அல்ல. முதுகும் விலாவும் தருவது முதல் தரம், கழுத்து இரண்டாவது, கால், வயிறு, வால் பகுதிகள் கடைசி. உலகிலுள்ள அல்பாக்காக்களில் மிகப் பெரும்பாலானவை சுருள்நெளிவோடு பஞ்சுபோல் நிற்கும் ரோமம் கொண்ட ஹுவாகாயா வகை. பட்டுப் பளபளப்போடு தொங்கும் திரிகளைக் கொண்ட சூரி வகை குறைவு. தொடங்குபவர்களுக்கு ஹுவாகாயாவே பொருத்தம் என்பது என் எண்ணம். அதை நூற்கத் தெரிந்தவர்களும் பின்னுபவர்களும் அதிகம்.

வசந்தத்தின் கடைசியில், வெயில் ஏறுவதற்கு முன்பு, கத்தரிக்கும் நாள் வருகிறது. முதல் நாளே விலங்குகளைக் கூரைக்கடியில் அடைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஈரமான ரோமத்தைக் கத்தரிக்கவும் முடியாது, மூட்டை கட்டவும் முடியாது. புழுதியில் புரள்வது அல்பாக்காவுக்கு மிகப் பிடித்த காரியம் என்பதால் ஊதுகுழாயால் தூசியை வெளியேற்றுகிறார்கள். பிறகு முன்கால்களையும் பின்கால்களையும் கயிற்றில் கட்டி, பாயில் பக்கவாட்டில் கிடத்தி, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, கத்தரிப்பவர் வயிற்றிலிருந்து முதுகை நோக்கி நீண்ட வீச்சுகளில் இயந்திரத்தை ஓட்டுகிறார். முதல் தர ரோமம் ஒரே போர்வையாக விழுந்து சுருளும். கைதேர்ந்தவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்திலேயே நகம் வெட்டுவதும், ஆண்களின் சண்டைப் பற்களை மழுக்குவதும் நடந்துவிடும். குடும்பத்தில் உள்ள அனைவருக்கும் அன்று வேலை உண்டு, அதிலும் பைகளைப் பிரித்து வைப்பவரின் வேலை எல்லாவற்றிலும் முக்கியம். கால் ரோமம் ஒரு பிடி முதல் தரப் பையில் கலந்தால் நூல் முழுவதும் உறுத்தும்.

ரோமத்தின் நுண்மையை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கிறார்கள். இருபதுக்குச் சற்று மேலே கீழே உள்ளவை கழுத்தை ஒட்டி அணியும் துணிக்கு ஏற்றவை. முப்பதைத் தாண்டினால் தோலில் குத்தும், காலணி உள்விரிப்புக்கோ தரைவிரிப்புக்கோ மெத்தை நிரப்பவோதான் போகும். வயது ஏற ஏற ரோமம் தடிக்கிறது, மிதமிஞ்சிய தீவனமும் அதைத் தடிக்க வைக்கிறது. ஆட்டுக் கம்பளியில் இருக்கும் பிசின் மெழுகு இதில் கிட்டத்தட்ட இல்லாததால் அலசுவது எளிது. வெள்ளையிலிருந்து சாம்பல், பழுப்பு, கறுப்பு வரை இயற்கையாகவே பல நிறங்கள் கிடைப்பதால் சாயம் ஏற்றாமலேயே விற்கலாம்.

ஆனாலும் கணக்கு கறாரானது. இருபது விலங்குகள், தலைக்கு ஒன்றரை கிலோ முதல் தரம் என்று வைத்துக்கொண்டால் முப்பது கிலோ. பொறுக்கி, அலசி, நூற்று முடிக்கும்போது அதில் கணிசமான பகுதி கழிந்துவிடும். இருபது கிலோ நூல் கிடைத்தால் நூறு கிராம் கண்டுகளாக இருநூறு. இதை மூட்டையாக விற்பவர், உலகின் அல்பாக்காக்களில் பெரும்பகுதியை வைத்திருக்கும் பெரு நாட்டோடும், அரெகிப்பா நகரின் பெரிய ஆலைகளோடும் விலையில் மோதுகிறார். அங்கே நிற்க முடியாது. கண்டு கண்டாக, இது எந்த விலங்கின் ரோமம் என்ற சீட்டோடு, பின்னுபவரின் கையிலேயே கொடுப்பவருக்குத்தான் மிஞ்சும். சிறு நூற்பாலைகளில் எல்லாப் பண்ணைகளின் மூட்டைகளும் ஒரே மாதத்தில் வந்து குவிவதால் மாதக் கணக்கில் வரிசை நிற்கிறது. குளிர் தொடங்கும்போது நூல் கையில் இருக்க வேண்டுமானால், கத்தரிப்பதற்கு வெகு முன்பே ஆலையில் இடம் பதிவு செய்துவிட வேண்டும். விற்பனைப் பருவம் தவறிய நூல் அடுத்த குளிர்காலம் வரை அலமாரியில்தான் கிடக்கும்.

பார்வையாளர் வழியில் காயடித்த ஆண் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. தலைக்கயிற்றோடு வரிசையாக நடந்து பழகிய நான்கைந்து ஆண்கள் இருந்தாலே நடைப்பயணம் தொடங்கலாம். சினைப் பெண்களை அலைக்கழிக்க வேண்டியதில்லை. பணம் உடனுக்குடன் வருகிறது, ஆலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே விற்கப்படுவது உங்கள் நேரம். வார இறுதிகளும் விடுமுறைகளும் உங்களுடையவை அல்ல. காப்பீடு, வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, கை கழுவும் இடம் ஆகியவை வேண்டும். இதில் கை கழுவும் இடத்தை ஒருபோதும் ஒப்புக்கு வைக்கக் கூடாது, கால்நடைகளிடமிருந்து குழந்தைகளுக்கு ஈ. கோலை, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற தொற்றுகள் வரும். வருபவர்கள் கட்டிப்பிடிக்க விரும்புவார்கள், அல்பாக்காவோ தலையைத் தொடுவதையே பொறுக்காது. கழுத்தின் பக்கவாட்டில் மெல்லத் தடவலாம் என்று ஒவ்வொரு குழுவுக்கும் சலிக்காமல் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: புட்டிப்பால் கொடுத்து, படம் எடுக்கவிட்டு, மனிதரோடு மிக நெருக்கமாக வளர்த்த ஆண் குட்டி, பருவம் அடைந்ததும் மனிதரையே போட்டி ஆணாக எண்ணி மோதித் தள்ளக்கூடும். பார்வையாளருக்காகக் குட்டியைக் கொஞ்சிக் கெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வருமானத்துக்காக விலங்கின் வாழ்நாளையே பாழாக்குவது அது.

பருவங்களை அடுக்கிப் பார்த்தால் மோதல் தெளிவாகத் தெரிகிறது. வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் சில வாரங்களில் ஈற்று, மறுசேர்க்கை, கத்தரிப்பு, உலர்புல் அறுவடை, பார்வையாளர் கூட்டம் அனைத்தும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. கடும் வெயிலில் நடைப்பயணமும் கூடாது. சூடேறிய விலங்குக்கு முதுகில் தண்ணீர் ஊற்றாமல் வயிற்றையும் கால்களையும்தான் நனைக்க வேண்டும். இலையுதிர் காலம் தாயிடமிருந்து ஆறு மாதக் குட்டிகளைப் பிரிக்கும் காலம், குடற்புழுச் சோதனைக்கும் உகந்தது. குளிர்காலம் வெளியிலிருந்து பார்க்க ஓய்வாகத் தோன்றும். ஆனால் அடர்ந்த ரோமத்துக்குள் விலங்கு இளைப்பது கண்ணுக்குத் தெரியாது; சில வாரங்களுக்கு ஒருமுறை முதுகெலும்பில் கைவைத்து, சதை சரிந்திருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும். அந்த மாதங்களில் உலர்புல்லுக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும். ரோம வழியைத் தேர்ந்தவருக்கு மட்டும் அப்போது நூல் விற்ற பணம் வரும்.

ஆண்டிஸ் மலைகளில், 3,500 மீட்டருக்கு மேலான மேய்ச்சல் நிலங்களில், ஆண் குட்டி பற்றிய கேள்வி இப்படி எழுவதே இல்லை. அங்கே ரோமத்துக்கும் இறைச்சிக்கும் சேர்த்தே வளர்க்கிறார்கள். இறைச்சியைப் பிற நாட்டுப் பண்ணைகளும் ஒரு வழியாகக் கொள்ளலாம், ஆனால் பெயர் வைத்து, நடைப்பயணத்துக்கு அழைத்துப்போகும் பண்ணையில் அது ஒத்துவராது. இரண்டையும் ஒரே வேலிக்குள் வைக்க முயல வேண்டாம்.

இரண்டு பேர் உழைக்கும் குடும்பத்துக்கு நான் சொல்லும் வரிசை, வழக்கமாகச் சொல்லப்படுவதற்கு நேர்மாறானது. சினைப் பெண்களை வாங்கித் தொடங்காதீர்கள். காயடித்த, தலைக்கயிறு பழகிய நான்கைந்து ஆண்களோடு தொடங்குங்கள். மூன்றுக்குக் குறைவாக ஒருபோதும் வைக்காதீர்கள், அல்பாக்காவால் தனிமையைத் தாங்க முடியாது. பார்வையாளர் கட்டணம் தீவனச் செலவைத் தாங்கட்டும், ரோமம் குளிர்காலத்தைத் தாங்கட்டும். ஈற்று வேண்டும் என்ற ஆசை இரண்டு முழு ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்தால், இரண்டு மூன்று நல்ல பெண்களை வாங்கி, பொலி ஆணை வைத்துக்கொள்ளாமல் வெளியிலிருந்து கட்டணத்துக்கு அழைத்துக்கொள்ளலாம். அந்த ஈற்றுகளில் பிறக்கும் ஆண் குட்டிக்கு நடைப்பயண வரிசையில் இடம் இருக்கிறதா என்று இணை சேர்ப்பதற்கு முன்பே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் பருவத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. இலையுதிர் காலத்தில் உலர்புல் செலவுக்கு அஞ்சி மந்தையைக் குறைக்க நினைப்பவர்கள் குறைந்த விலைக்கு இறங்கி வருவார்கள்; ஆனால் அரைவாசி வளர்ந்த ரோமம் உடலை மறைத்திருக்கும், குளிரைத் தாங்கவைக்கும் பொறுப்பும் உடனே உங்கள் தலையில் விழும். கத்தரிப்பு முடிந்த வாரத்தில் வாங்கினால் அந்த ஆண்டின் ரோமம் விற்பவருக்கே போய்விடும், விலையும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இருந்தாலும் நான் அந்த வாரத்தையே தேர்வேன். முதுகெலும்பு, கால்களின் நேர்த்தி, பழைய காயங்கள், தோல் நோய் எல்லாமே அப்போது வெளிச்சமாகத் தெரியும். பைகளில் பிரித்து வைத்த ரோமத்தையும் விலங்கின் பக்கத்திலேயே வைத்துக் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம்.