ஆலோசகருக்கு முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்: என் 6 லட்சம் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நிறுவனத்தில் மாற்றம் கொண்டுவர ஓர் ஆலோசகரை அமர்த்தி 6 லட்சம் இழந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. கம்பெனிகளுக்கு ஆலோசகர்களைப் பிடித்துத் தரும் ஓர் ஆன்லைன் தளம். அதன் வழியாக வந்தவர்.

எங்களுடையது நாற்பது பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம். விற்பனைப் பிரிவுக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் ஒத்துப்போகவில்லை, ஆர்டர்கள் தாமதமாகிக்கொண்டே இருந்தன. முதல் சந்திப்பில் அவர் ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். பல மாதமாக என் பங்குதாரர்கூட என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. அங்கேயே விழுந்துவிட்டேன். அப்புறம் பலகையில் மூன்று கட்டம் வரைந்தார்: உறைந்துபோன பழைய வழக்கத்தை இளக்குவது, மாற்றுவது, புதிய வழக்கத்தை மறுபடி உறையவைப்பது. கர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1947-இல் எழுதியது என்றார். தேடிப் பார்த்தேன், அது உண்மைதான். அந்த ஓர் உண்மையை நம்பி மற்ற எல்லாவற்றையும் நம்பினேன்.

"உங்கள் பிரச்சினையே விற்பனை மேலாளர்தான். ஆறு மாதத்தில் சரிசெய்துவிடலாம்" என்றார். ஓர் ஊழியரிடம்கூடப் பேசாமல் அது எப்படித் தெரிந்தது? நான் கேட்கவில்லை. முதலாளி சொல்லும் தொல்லை ஒன்றாகவும் அதற்கு அடியில் கிடக்கும் காரணம் வேறாகவும் இருக்கலாம், அதைத் தோண்டிப் பார்ப்பதுதான் இந்த வேலையின் முதல் படி என்பது இப்போதுதான் புரிகிறது. அன்று மாலையே 6 லட்சத்தையும் அனுப்பிவிட்டேன். ஒப்பந்தம் என்று வந்தது ஒரே ஒரு பக்கம்.

அதன் பிறகு அவர் வரவே இல்லை. படிப்பு முடித்து இப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த ஒரு பையனை அனுப்பினார். அவன் எல்லோரிடமும் கேள்வித்தாள் கொடுத்து, யார் எழுதியது என்று வெளியே தெரியாது என்றான். இரண்டு வாரத்தில் பதில்கள் பெயரோடு எல்லா மேலாளர்களுக்கும் மின்னஞ்சலில் போயின. பதினோரு வருடம் எங்களோடு இருந்த ஓர் அம்மா மறுநாளே ராஜினாமா கொடுத்தார். அறிக்கையில் எங்கள் கிளைகளைப் பற்றி ஒரு பகுதி. எங்களுக்குக் கிளையே கிடையாது!

ஆலோசகருக்குப் போன் செய்தால், "மாற்றம் என்றால் எதிர்ப்பு வரத்தான் செய்யும் சார்." அடுத்த முறை, "உங்கள் ஆட்கள் ஒத்துழைக்கவில்லை." பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "அக்கவுண்ட்ஸில் பேசுங்கள்." அங்கே யாரும் எடுப்பதில்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். நாங்கள் அறிமுகம் செய்வதோடு சரி, மற்றது உங்கள் இருவருக்கும் உள்ள விஷயம் என்று பதில் வந்தது. 6 லட்சம்! நாற்பது பேருக்குப் போனஸாகப் பிரித்துக் கொடுத்திருக்கலாம்.

ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, அவசரமாகச் சிலது மட்டும். முதல் நாளே நோயும் மருந்தும் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். நேரில் வரப்போவது யார், எத்தனை நாள், எதைச் செய்துமுடித்தால் எவ்வளவு பணம், பாதியில் நிறுத்தினால் கணக்கு எப்படி என்று எழுதி வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஊழியர்கள் சொல்வதை யார் பார்ப்பார்கள், எந்த வடிவில் பார்ப்பார்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். எங்கள் தாளில் அது இல்லை. அந்த அம்மா இன்னும் என் போனை எடுக்கவில்லை.