ஸ்வால்பார்டில் ஸ்னோமொபைல் ஒருநாள் பயணம்: எதைப் பார்த்துப் பதிவு செய்வது?

வட துருவப் பகுதியில் உள்ள நார்வேயின் தீவுக்கூட்டம் ஸ்வால்பார்டு. அதன் முக்கிய ஊரான லாங்யியர்பியனில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சுற்றுலா நிறுவனங்கள் விற்பவற்றில், வழிகாட்டியுடன் போகும் ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) ஒருநாள் பயணம் தாராளமாகக் காசு கொடுக்கத் தகுந்தது. ஆனால் வாரத்தையும் தூரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால், எட்டு மணி நேரம் முன்வண்டியின் சிவப்பு விளக்கையே பார்த்து நடுங்கிவிட்டுத் திரும்புவதுதான் மிச்சம்.

முதலில் வாரம். ஊர் 78 டிகிரி வடக்கில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. நீண்ட இரவு முடிந்து சூரிய ஒளி ஊருக்குள் நேரடியாக விழுவது மார்ச் 8 வாக்கில்தான். ஏப்ரல் 20ஐ ஒட்டிச் சூரியன் மறைவதே நின்றுவிடும். இடைப்பட்ட ஆறு வாரங்களில் வெளிச்சமும் இருக்கும், பனியும் இறுகிக் கிடக்கும். அதிலும் மார்ச் கடைசி வாரம் முதல் ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை மிக நல்ல காலம். மே மாதத்தில் அட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கின் ஓடைகள் இளகத் தொடங்கும், பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்படும். ஈஸ்டர் வாரத்துக்கு மட்டும் பல மாதங்களுக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும்.

அடுத்து தூரம். கிழக்குக் கடற்கரைப் பயணம் போக வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர். விளம்பரங்களில் முன்னால் நிற்பதும் அதுதான். இதற்கு முன் ஸ்னோமொபைல் ஓட்டியிராதவர் முதல் நாளே அதை எடுக்க வேண்டாம். பாதி வழியிலேயே வலது கட்டைவிரல் மரத்துவிடும். ஆக்சிலரேட்டர் அந்த விரலால் அழுத்திப் பிடிக்கும் நெம்புகோல்தான், விட்டால் வண்டி நின்றுவிடும். முதல் நாள் சாஸென்டாலன் பள்ளத்தாக்குப் பக்கம் 100 கிலோமீட்டர் அளவில் ஒரு பயணம், இடையில் ஒரு நாள் ஓய்வு, பிறகு கிழக்குக் கடற்கரை என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் ரசிக்கலாம்.

பனிக்கரடி பார்க்கலாம் என்று ஆசை காட்டும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். 2025 ஜனவரி 1 முதல் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகி இருக்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். குட்டிகளோடு தாய்க்கரடிகள் நடமாடும் பருவம் அது. 500 மீட்டரில் கரடி ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். அதோடு, பல ஃபியார்டுகளில் (மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடற்பகுதிகள்) மார்ச் 1க்குப் பிறகு உறைந்த கடலின் மேல் மோட்டார் வண்டி ஓட்டவும் கட்டுப்பாடு வந்துவிட்டது. பனியாற்றின் முகப்புக்கு நேர் எதிரே கடற்பனி மேல் வண்டிகள் வரிசையாக நிற்கும் படம் இன்னும் விளம்பரத்தில் இருந்தால், பழைய படமா என்று கேளுங்கள். இன்றைய பாதை எது, எந்த இடத்தோடு நிற்கும் என்று தெளிவாகச் சொல்லும் நிறுவனமே நல்ல நிறுவனம்.

கட்டணத்தில் வண்டி, எரிபொருள், கனமான மேலுடுப்பு, பூட்ஸ், கையுறை, ஹெல்மெட், மதிய உணவு எல்லாம் அடங்கிவிடும். நாம் கொண்டுபோக வேண்டியது உள்ளே போடும் துணி மட்டுமே, சிக்கல் வருவதும் அங்கேதான். உடலோடு ஒட்டி மெரினோ கம்பளி, அதன் மேல் ஃபிளீஸ், அதன் மேல் அவர்கள் தரும் உடுப்பு. பருத்தி கூடவே கூடாது. வண்டியை நிமிர்த்தும்போது வியர்க்கும், ஈரத்தைப் பிடித்துக்கொண்ட பருத்தி வண்டி கிளம்பியதும் உடலைக் குளிரவைத்துவிடும். வெப்பநிலை −15 டிகிரி என்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் தோல் உணர்வது ஏறத்தாழ −27 டிகிரி. இரண்டு தடித்த காலுறைகளைப் பூட்ஸுக்குள் திணிப்பதும் தவறு. பாதம் நெருக்கப்பட்டால் ரத்த ஓட்டம் குறையும், விரல்கள் முதலில் குளிரும். ஒரே தடித்த கம்பளிக் காலுறை போட்டு, பூட்ஸை ஓர் அளவு பெரிதாகக் கேளுங்கள். பெண்கள் ஒரே துண்டாக இருக்கும் உடுப்புக்குப் பதில் மேல், கீழ் தனித்தனியாக இருப்பதைக் கேட்பது நல்லது. வழியில் கழிப்பறை கிடையாது.

கண்ணாடி அணிபவர்கள் இதைக் கவனிக்கவும். மூக்கை மூடும் முகமூடியின் மேல்விளிம்பு கண்காப்புக்குள் (காகிள்ஸ்) போய்விட்டால், மூச்சு நேராக உள்ளே ஏறிப் பூத்து, அப்படியே உறைந்துவிடும். விளிம்பு கண்காப்புக்கு வெளியே, கீழே இருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் பழக்கம் இருந்தால் அன்று அதைப் போடுங்கள்.

ஓட்டுவதற்குக் கார் ஓட்டுநர் உரிமம் வேண்டும், கையில் அசல் இருக்க வேண்டும். ரத்தத்தில் மதுவின் வரம்பு 0.2 புரோமில் (ஆயிரத்தில் 0.2 பங்கு). முந்தின இரவுக் குடியே காலையில் வரம்பைத் தாண்டவைக்கலாம். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வண்டி சாயும்போது பழக்க தோஷத்தில் காலை வெளியே ஊன்றுவது. 250 கிலோ வண்டிக்கடியில் கால் மாட்டிக்கொள்ளும். கால்கள் எப்போதும் மிதிபலகையில்தான். சரிவைக் குறுக்கே கடக்கும்போது உடலை மேட்டுப் பக்கம் சாய்த்து, வேகத்தைக் குறைக்காமல் ஒரே சீராகப் போக வேண்டும். ஆற்றுப்பனி மேல் நீரும் பனியும் குழைந்த இடம் வந்தால் நடுவில் நிறுத்தக் கூடாது, நின்றால் வண்டி புதைந்துவிடும்.

வழிகாட்டி சில சமயம் நல்ல வழுக்குப் பனிக்கட்டியை விட்டு ஓரத்துப் பொடிப்பனியில் ஓட்டுவார். காரணமில்லாமல் இல்லை. தண்ணீர்க் குளிர்விப்பு உள்ள வண்டியில், பின்பட்டை வாரியடிக்கும் பனிதான் அடிப்பகுதியின் வெப்பமாற்றியைக் குளிரவைக்கிறது. வெறும் கட்டிப்பனியில் தூள் எழாது, எஞ்சின் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும்.

மதிய உணவு எளிமையானது. உலரவைத்த உணவுப் பொட்டலத்தில் ஃபிளாஸ்க் வெந்நீரை ஊற்றி, வாயை மடக்கிச் சில நிமிடம் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டால் கைக்கும் சூடு கிடைக்கும். கூடவே சூடான பிளாக்கரன்ட் பழச்சாறு. சைவம் வேண்டுமென்றால் பதிவின்போதே சொல்லிவிடுங்கள், புறப்படும் காலையில் சொன்னால் கிடைக்காது.

பதிவுக்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டிகள்? எட்டுக்கு மேல் என்றால் வரிசை நீண்டு, ஒருவர் சிக்கினால் எல்லோரும் காத்து நின்று குளிர வேண்டும். கைப்பிடியிலும் கட்டைவிரல் நெம்புகோலிலும் சூடேற்றி இருக்கிறதா? வண்டி சேதமானால் நம் பொறுப்பு எத்தனை நார்வே குரோனர் வரை? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இருவர் ஒரே வண்டியில் போனால் செலவு குறையும், ஆனால் பின்னால் இருப்பவர் அசையாமல் உட்கார்வதால் அதிகம் குளிர்வார். அவருக்கு ஓர் அடுக்கு கூடுதலாக வேண்டும்.

ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) வெளியே இருக்கிறது. ஆஸ்லோவிலிருந்து போனாலும் கடவுச்சீட்டு தேவை. ஷெங்கன் விசா எடுக்க வேண்டியவர்கள் இருமுறையோ பலமுறையோ நுழைய அனுமதிக்கும் விசாவே வாங்க வேண்டும், இல்லையென்றால் திரும்பும் வழியில் சிக்கல்தான்.

காற்று பலமானாலோ, ஊரைச் சுற்றியுள்ள நூர்டன்ஷெல்ட் லாண்ட் பகுதிக்கான பனிச்சரிவு எச்சரிக்கை உயர்ந்தாலோ வழிகாட்டி பாதையை மாற்றுவார், பயணத்தையே ரத்தும் செய்வார். 2015 டிசம்பரில் பனிச்சரிவு ஊருக்குள்ளேயே வீடுகளைத் தள்ளி இருவரைப் பலிகொண்டது, இதில் வாதாட இடமில்லை. அதனால் பயணத்தை ஊரில் தங்கும் கடைசி நாளில் வைக்காமல் முதல் முழு நாளிலேயே பதிவு செய்யுங்கள். ரத்தானால் மாற்று நாள் கிடைக்கும்.