தாமினி மின்னல் செயலி: நீலகிரியில் எந்த மாதம் நம்பலாம்?

மின்னல் எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று பார்க்கச் சமவெளியில் கண்ணும் காதும் போதும். வெளிச்சம் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வந்துவிடும். மலையில் இந்தக் கணக்கு பாதி நாள் உதவாது. எதிர்மலை மறைத்தால் வெளிச்சமே தெரியாது. மிஸ்ட் (மூடுபனி) இறங்கிவிட்டால் சுற்றிலும் ஒரே வெள்ளையாகப் பளிச்சிடும், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. இடியோ பள்ளத்தாக்கில் மோதி உருண்டுகொண்டே இருக்கும். தாமினிக்கு இங்கே வேலை இருப்பது இதனால்தான்.

புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய இலவசச் செயலி இது. மின்னல் வெட்டும்போது பழைய ஏ.எம். ரேடியோவில் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அந்த ரேடியோ அலையை நாடு முழுவதும் நிறுவிய உணரிகள் பிடிக்கின்றன. ஒவ்வோர் உணரிக்கும் அலை எந்த நொடிப்பின்னத்தில் வந்தது என்பதை ஒப்பிட்டு, மின்னிய இடத்தைக் கணக்கிடுகிறார்கள். மலையோ மிஸ்ட்டோ குறுக்கே நிற்பது இதற்குப் பெரிய தடை இல்லை. கடைசி 5, 10, 15 நிமிடங்களில் விழுந்த மின்னல்கள் வரைபடத்தில் தனித்தனி நிறத்தில் தெரியும். நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னினால் எச்சரிக்கை வரும்.

இந்த வட்டங்களைத்தான் மலைக்காரர்கள் தங்கள் கணக்கில் படிக்க வேண்டும். ஊட்டியில் நின்றால் 20 கி.மீ. வட்டத்துக்குள் குன்னூர், கோத்தகிரி மட்டுமல்ல, ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே இருக்கும் மசினகுடியும் வந்துவிடும். 40 கி.மீ. வட்டத்தில் கூடலூரும் மேட்டுப்பாளையமும் சேர்ந்துகொள்ளும். குன்னூரில் நின்றால் மேட்டுப்பாளையமே நேர்கோட்டில் 16 கி.மீ.தான். அடிவாரத்தில் மின்னியதற்கு மேலே போன் அலறும், தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். இப்படி நாலு தடவை நடந்தால் ஐந்தாவது தடவை யாரும் போனை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். எனவே 40 கி.மீ. எச்சரிக்கை வந்தால் வரைபடத்தை மட்டும் திறந்து, புள்ளிகள் எந்தச் சரிவில் இருக்கின்றன, பத்து நிமிடத்தில் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். 20 கி.மீ. வந்தால் வேலையை நிறுத்துங்கள். அது எந்தச் சரிவு என்று வாதம் வேண்டாம். மழை விழும் இடத்திலிருந்து 10 கி.மீ. தள்ளிக்கூட மின்னல் இறங்குவதுண்டு.

இனி மாதக் கணக்கு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை செயலிக்கு 5-க்கு 4 கொடுக்கலாம். காலை பதினொரு மணிவரை பளிங்குபோல் இருக்கும் வானம், வெயில் ஏறியதும் தொட்டபெட்டா பக்கம் மேகம் குவிந்து, இரண்டு மணிக்கு மேல் இடிக்கத் தொடங்கும். மேகத்தில் மின்னேற்றம் பிறக்க, உறைநிலைக்குக் கீழே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் உரசிக்கொள்ள வேண்டும். தென்னிந்தியாவில் உறைநிலை சுமார் 5 கி.மீ. உயரத்தில். ஊட்டி ஏற்கெனவே 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால், விழும் ஆலங்கட்டி கரைவதற்குள் தரைக்கு வந்துவிடும். கோடை மழையில் புல்வெளி வெளுப்பது இப்படித்தான். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், இந்த மேகங்கள் பல நேரம் வேறெங்கிருந்தும் வருவதில்லை, நம் தலைக்கு மேலேயே உருவாகின்றன. மின்னிய பிறகுதான் செயலிக்குத் தெரியும் என்பதால் முதல் மின்னலுக்கு முன்னறிவிப்பு கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் நண்பகலுக்குமேல் மேகம் காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே குவிந்தால், செயலி சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது.

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை 5-க்கு 1. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டுவது பெரும்பாலும் மலை முகட்டில் காற்று மோதி ஏறி உண்டாகும் மேகங்களின் மழை. உயரம் குறைவு, பனித்துகள் குறைவு, இடியும் குறைவு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட நாளில் மின்னல் வரைபடம் காலியாகக் கிடந்தாலும் ஆபத்து உச்சத்தில்தான் இருக்கும். மண்சரிவையும் மரம் விழுவதையும் சொல்ல இந்தச் செயலி செய்யப்படவில்லை. அதற்கு வானிலை ஆய்வு மையத்தின் மழை எச்சரிக்கையும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பும்தான்.

செப்டம்பர் கடைசியிலிருந்து மறுபடி உயிர் வரும். ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி அடங்கிய கிழக்குச் சரிவில் மதியம் தொடங்கும் இடி இரவு வரை நீளலாம். இருட்டிலும் மிஸ்ட்டிலும் கண்ணுக்கு எதுவும் புலப்படாத நேரம் என்பதால், இந்த மாதங்களில்தான் செயலி முழுப் பயன் தருகிறது: 4.5. கொடைக்கானல்காரர்களுக்கும் அக்டோபர்தான் முக்கியம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் சும்மா கிடக்கும், அழிக்க வேண்டியதில்லை.

நிறுவும்போது மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று வைக்காவிட்டால், வீட்டு வட்டத்துக்கான எச்சரிக்கையே தோட்டத்திலும் வரலாம். போனின் பேட்டரி சேமிப்பு வசதி பின்னணியில் செயலியை முடக்கிவிடும். அமைப்புகளில் போய் இதற்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். மூன்றாவது சிக்னல். டேட்டா இல்லாத பள்ளத்தில் இந்தச் செயலி வெறும் படம். மேல்பவானி, குந்தா பக்கப் பள்ளங்களுக்கு இதை நம்பிப் போகக் கூடாது. மின்சாரம் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்தால் ஊருக்குள்ளும் இதே கதைதான்.

பெரிய குழப்பம் ஒன்று உண்டு. கடைசி மின்னல் விழுந்து 15 நிமிடத்தில் வரைபடத்தில் புள்ளி மறைந்துவிடும். ‘கிளியர்’ ஆகிவிட்டது என்று மறுபடி கொழுந்து பறிக்க இறங்குகிறார்கள். பாதுகாப்பு விதியோ, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. ஓய்ந்துபோகும் மேகம் பின்னாலிருந்து ஒன்றை வீசும் பழக்கம் உள்ளது. காலி வரைபடத்தைப் பார்த்த பிறகும் கடிகாரத்தில் இன்னொரு கால் மணி நேரம் பாருங்கள்.

தோட்டங்களில் ஒவ்வொருவரிடமும் செயலி இருப்பதைவிட, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நிற்கும் மேஸ்திரி ஒருவரிடம் இருந்து அவர் விசில் ஊதுவது மேல். கொழுந்து மூட்டையோடு சரிவேறிப் பாதுகாப்பான இடத்துக்கு வரக் கால் மணி நேரம் ஆகும் என்றால், 20 கி.மீ. எச்சரிக்கையே கடைசி எல்லை. பக்கம் திறந்த தகர ஷெட் மழைக்குத்தான் ஒதுங்க உதவும், மின்னலுக்கு அல்ல. தனியாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்குவது அதைவிட மோசம். யானைகளுக்காகப் போட்ட கம்பி வேலியைத் தொட்டுக்கொண்டு நடக்கவும் வேண்டாம். நான்கு பக்கமும் சுவருள்ள கட்டடம், இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய இரும்புக்கூரை வண்டி. கான்வாஸ் போட்ட ஜீப் கணக்கில் வராது.