பெஞ்ச் கிரைண்டருக்கான ட்ரில் பிட் சாணை ஜிக்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிறு பட்டறையில், மழுங்கிய ட்ரில் பிட்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறையச் சேர்ந்திருந்தன. 10 மி.மீ., 12 மி.மீ. அளவுள்ள நல்ல எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட்டுகளைத் தூக்கிப்போட மனம் வராததால், பாரிமுனை லிங்கி செட்டித் தெருக் கடை ஒன்றில், பெஞ்ச் கிரைண்டரின் (மேசையில் பொருத்தும் சாணை இயந்திரம்) பக்கத்தில் வைத்து, பிட்டைச் சரியான கோணத்தில் பிடித்துத் தீட்ட உதவும் சாணை ஜிக்கை ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன்.

அமைப்பு எளிமையானதுதான். பிட்டைக் கிடத்த ஒரு பள்ளம், வெட்டும் விளிம்பைத் தாங்க ஒரு சிறு நாக்கு, பின்னால் நகரும் தாங்கி, இவை அனைத்தையும் சாணைக்கல்லின் முன்னே வளைவாக ஆட்டும் அச்சு. கோணத்தை 59 டிகிரியில் வைத்தால் இரு பக்கமும் சேர்ந்து 118 டிகிரி முனை கிடைக்கும்; சாதாரண இரும்பு வேலைக்கு அது போதும்.

என் ஜிக்கில் கோணக் குறியே பிசகாக இருந்தது. இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வைத்தால் நடுவில் 120 டிகிரி இடைவெளி உண்டாகும்; 118 டிகிரி முனையைத் தோராயமாகச் சோதிக்க அது போதும். அதில் பிட்டின் முனையை வைத்துப் பார்த்தபோது, இரு ஓரமும் ஒட்டாமல் வெளிச்சம் தெரிந்தது. சரியான இடத்தைக் கண்டுபிடித்து, நானே புதிய கோடு கீறிக்கொண்டேன்.

அதன் பிறகும் முதல் பிட் இரும்பில் இறங்கவில்லை, புகைதான் வந்தது. கொருக்குப்பேட்டை லேத் பட்டறைப் பெரியவர் ஒருவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “முனை கூராத்தான் இருக்கு தம்பி, முதுகு தூக்கி நிக்குதே, எப்படி வெட்டும்?” என்றார். வெட்டும் விளிம்புக்குப் பின்னுள்ள பகுதி 8 முதல் 12 டிகிரி வரை சரிந்து இறங்காவிட்டால், அந்த முதுகு இரும்பில் உராய்ந்துகொண்டே இருக்கும். பிட்டின் விட்டத்துக்கு ஏற்ப அது வெளியே நீளும் அளவைத் திருத்தி, விளிம்பு நாக்கோடு பொருந்துவதை உறுதி செய்து, பின் தாங்கியை அசைக்காமல் மறுபக்கத்தையும் தீட்டினேன். 6 மி.மீ. கனமுள்ள தகட்டில் அதே பிட்டை இறக்கியபோது, பிட்டின் இரு பள்ளங்களிலிருந்தும் ஒரே தடிமனில் இரண்டு இரும்புச் சுருள்கள் எழுந்து வந்ததைப் பார்த்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியவில்லை. விளிம்புகளில் ஒன்று நீண்டிருந்தால், துளை பிட்டைவிடப் பெரிதாகிவிடும்.

3 மி.மீ. பிட்டையும் தீட்டலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள், 5 மி.மீ.க்குக் கீழே எனக்குத் திருப்தியாக வரவில்லை. பிளவு முனைப் பிட்டுகளின் (முனையின் நடுவையும் கூடுதலாகத் தீட்டியவை) நடுப்பிளவை இதில் உருவாக்க முடியாது. கான்கிரீட் பிட்டின் மிகக் கடினமான கார்பைடு நுனிக்குப் பச்சை சிலிகான் கார்பைடு கல் வேண்டும். கிரைண்டரோடு வரும் சாம்பல் கல் அதற்கு உதவாது.

தீட்டும்போது மெல்லத் தொட்டுத் தொட்டு எடுப்பது நல்லது. கொதிக்கும் எச்எஸ்எஸ் பிட்டைத் தண்ணீரில் முக்கினால் நுண்ணிய விரிசல் விழும். எங்கள் பகுதிக் கடல் காற்றில் துடைக்காத பிட் விரைவில் துருவேறிவிடுவதால், மெஷின் ஆயில் தடவிய துணியில் சுற்றித்தான் டப்பாவில் வைக்கிறேன்.

கிரைண்டர் வைத்திருப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். கடையிலேயே அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, தளர்வு இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.